நாய் வாயில உப்புத் தண்ணி ஊத்தாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்க காவேரிப்பட்டணம் பக்கம் இப்ப முக்கால்வாசி வீட்டுல நாய் இருக்கு, நல்லதுதான், ஆனா அது தின்னக் கூடாத எதையாச்சும் தின்னுட்டா உடனே ஒரு சொம்புல உப்பைக் கரைச்சு ஊத்துங்க வாந்தி எடுத்துடும்னு சொல்றதுக்கு மட்டும் தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. எங்க தெருவுல ஒரு நாய் சாக்லேட் தின்னுச்சுன்னு ரெண்டு பேர் அமுக்கிப் பிடிச்சு ஊத்தினாங்க, அது பல்லைக் கடிச்சுக்கிட்டு தலையைத் திருப்ப, பாதித் தண்ணி மூக்கு வழியா வந்துச்சு. நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா, ரத்தத்துல உப்பு ஏறினா வலிப்பு, உயிரே போயிடும். பால், விளக்கெண்ணெய் எதுவும் விஷத்தை முறிக்காது.

பண்ண வேண்டியது, எதைத் தின்னுச்சு, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு பாத்துக்கிட்டு கால்நடை டாக்டருக்கு உடனே போன் போடுறதுதான். கவரைத் தூக்கிப் போடாம கையோட எடுத்துட்டுப் போங்க. நாயோட எடையும் கேப்பாங்க, அதைத் தூக்கிக்கிட்டு மெஷின்ல நின்னு அப்புறம் நீங்க மட்டும் நின்னு கழிச்சா தெரிஞ்சிடும். வாந்தி எடுக்க வைக்கணும்னா பெரும்பாலும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனாத்தான் பலன், அதுக்கு அவங்ககிட்ட ஊசி இருக்கு. டாக்டர் கிடைக்கலைன்னா கால்நடைக்கான இலவச நம்பர் 1962 இருக்கு, அதுக்கும் போட்டுப் பாருங்க.

நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்துக்காரங்க முக்கியமா கவனிக்க வேண்டியது புளி. திராட்சையும் உலர் திராட்சையும் நாயோட கிட்னியைக் கெடுக்கும், அதுக்குக் காரணமா சொல்ற டார்டாரிக் அமிலம் புளியிலயும் நெறைய இருக்கு, புளி தின்ன நாய்ங்களுக்கு கிட்னி கெட்டதை அமெரிக்க கால்நடை டாக்டருங்க 2022ல எழுதியே இருக்காங்க. இங்க சீசன்ல வாசல்லயே புளி காயவெச்சு கொட்டை எடுக்கிறோம், நாயும் அங்கயேதான் சுத்துது, கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க. மாம்பழ சீசன்ல கொட்டையை முழுங்கிட்டா குடல்ல அடைச்சுக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும்.

வெங்காயம் இன்னும் மோசம், ஏன்னா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. பத்து கிலோ நாய்க்கு 150 கிராம் வெங்காயமே போதும், மீந்த பிரியாணியும் தொக்கும் போடுறவங்க யோசிங்க, வேகவெச்சாலும் விஷம் போகாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் ஈறு வெளுத்து மூத்திரம் காப்பி கலர்ல போகும், அதனால நல்லாத்தானே ஓடுதுன்னு விட்டுடாதீங்க. சுகர் ஃப்ரீ பபிள்கம்ல சர்க்கரைக்குப் பதிலா போடுற சைலிட்டால்ங்கிற இனிப்பு இருந்தா அதுக்கு நேர்மாறு, அரை மணி நேரத்துலகூட ரத்தத்துல சுகர் இறங்கி நாய் சரிஞ்சு விழுந்துடும்.

ஐயா, வீட்டுல திராட்சை போட்ட பலகாரமும் சாக்லேட்டும் இருக்கிற தீபாவளிக்கு முன்னாடியும் புளி சீசன்லயும் உங்க பேப்பர்ல ஒரு சின்ன கட்டம் கட்டி இதைப் போடுங்க. அப்படியே கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு ஊர்லயும் ராத்திரியில போன் எடுக்க ஒரு கால்நடை டாக்டராவது டூட்டியில இருக்கணும்னு கலெக்டருங்க காதுல விழுற மாதிரி எழுதுங்க.

இப்படிக்கு,
வாசகர், காவேரிப்பட்டணம்