இரண்டு மாமிமாரும் ஒரு சுராங்கனியும்: வானொலி நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வானொலியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஜனவரி 22 காலையில் நாலு தரம் தொலைபேசி எடுத்துத் தொல்லை தந்த ஆள் நான்தான் என்றால் உங்களுக்கே விளங்கும்.

அன்று எங்கள் பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் நினைவு நாள். 2018 இல் அதே திகதியில்தான் அவர் சென்னையில் காலமானார். அவர் பாடிய ஒரு பாட்டைப் போடுங்கள் என்று கேட்டோம், நானும் என்னோடு படித்த மூன்று பேரும். முதல் மூன்று தரமும் "குறித்து வைத்திருக்கிறோம்" என்றார்கள். நாலாம் தரம் எடுத்த பிள்ளை, குறை சொல்லக்கூடாது, நல்ல மரியாதையான பிள்ளை, "அங்கிள், யூடியூப்பில இருக்குமே" என்றது.

பத்தரைக்குப் பாட்டு வந்தது. "சிலோன் மனோகரின் காந்தக் குரலில் சுராங்கனி" என்றார் உங்கள் அறிவிப்பாளர். ஒலித்ததோ மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடியது. 1977 இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா போட்டது. நல்ல பாட்டுத்தான். ஆனால் வாசுதேவனும் 2011 இல் போய்விட்டார். ஒரே அறிவிப்பில் அவருடைய பாட்டைப் பறித்து இன்னொருவர் கையில் கொடுத்தீர்கள். அந்த இன்னொருவரின் பாட்டைப் போடவே இல்லை. கொடுத்ததையும் முழுதாகக் கொடுக்கவில்லை, பாதியில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் வந்துவிட்டது.

அப்புறம், அந்த "சிலோன் மனோகர்". அது தமிழ்நாட்டில் அவருக்கு இருந்த பெயர். அங்கே படங்களில் நடித்தார், அவர்களுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. கொழும்பில் இருந்துகொண்டு நாமே அவரைச் சிலோன்காரர் என்பது, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து "எங்கட ஒழுங்கைக்காரர்" என்று பெரிய அறிமுகம் செய்வது மாதிரி.

யூடியூப் விஷயத்துக்கு வருகிறேன். இருக்கிறது, தெரியும். பெயர் தெரிந்தவன் தேடி எடுப்பான். பெயரே தெரியாத பிள்ளை எதைத் தேடும்? பெயர் சொல்வதற்குத்தானே அறிவிப்பாளர் என்று ஒருவரை வைத்திருக்கிறீர்கள்?

எங்களுக்கு இந்தப் பாட்டுகள் எப்படிக் கிடைத்தன என்று ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். பொப்பிசை உச்சத்தில் இருந்த எழுபதுகளில் நாங்கள் பிறந்தோம், அவ்வளவுதான். அதை இலங்கை வானொலியில் கேட்டு ஆடியவர் என் பெரியண்ணை. எங்களுக்கு மிஞ்சியது அவர் பதிந்து வைத்திருந்த ஒரு கசெற். 1990 இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். இரவில் ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கு. கசெற் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, ஒரு டயோட்டும் வைத்து றேடியோவில் கொழுவ வேண்டும். பிறகு ஒருவர் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாலு பேருக்கும் முறை வைத்திருந்தோம், ஆளுக்கு ஒரு பாட்டு. கை சோர்ந்தால் மனோகரனின் குரலும் சோரும். துள்ளி ஓடும் பைலா ஆட்டப்பாட்டு இழுபட்டு இழுபட்டு ஒப்பாரி ஆகிவிடும். "சுத்தடா!" என்று மற்ற மூன்று பேரும் கத்துவார்கள். சுற்றுகிறவனுக்குப் பாட்டு ஒழுங்காகக் கேட்காது, காதுக்குள் டைனமோவின் இரைச்சல்தான். கசெற்றில் இருந்த வரிசைப்படி என் முறைக்கு எப்போதும் 'பட்டுமாமியே' வரும். அந்தப் பாட்டை ஊரில் இருந்த காலத்தில் நான் ஒரு தரம்கூட நிம்மதியாகக் கேட்டதில்லை.

1995 ஒக்ரோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்தில் எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் போருக்குப் பயந்து கிளம்பி நடந்தபோது கசெற் வீட்டு அலுமாரியில் நின்றுவிட்டது. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, மேலே ஓடும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் எத்தனை இசைத்தட்டு அப்படிப் போனது என்று யார் கணக்கு எடுத்தார்கள்? வீடுகளில் இருந்தவை போய்விட்ட ஊரில், இவற்றை வைத்திருந்து போட வேண்டியவர்கள் வானொலிக்காரர்கள்தான் என்று நாங்கள் நம்பியது பிழையா?

ஆகவே கேட்கிறோம்: வருகிற ஜனவரி 22 இல் ஒரு பாட்டு. அவருடைய குரலில், அவருடைய பெயரோடு. நாலு நிமிடம்கூடப் போகாது.

சென்னை நடிகர் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் வாரம் முழுக்கச் சிறப்பு நிகழ்ச்சி, கேள்வி பதில், பரிசாக ரீ-சேர்ட். நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் அறிவிப்பாளர்கள் கோடம்பாக்கத்துக்கே போகாமல் கோடம்பாக்கத்துத் தமிழ் பேசும் திறமையையும் மெச்சுகிறேன். ஆனால் போன வருடம் இதே வானொலியில் 'சின்னமாமியே' போட்டுவிட்டு மனோகரன் என்றார்கள். அது இன்னொரு பொப்பிசைப் பாடகரான நிதி கனகரத்தினத்தின் பாட்டு. சின்னமாமி அவருடையவர், பட்டுமாமி இவருடையவர். இரண்டு மாமிமாரையும் பிரித்தறிய முடியாத வானொலி எங்களுக்குச் செய்தியும் வாசிக்கிறது, அதையும் நம்பிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

மன்னிக்கவும், கதை வேறு பக்கம் போய்விட்டது. எழுதத் தொடங்கும்போது பணிவாக எழுதுவது என்றுதான் நினைத்தேன்.

திரும்பவும் அதையே கேட்கிறேன். ஒரு பாட்டு, அவருடைய குரலில், அவருடைய பெயரோடு. 'சுராங்கனி' என்றாலும் சரி, அவர் பாடிய சுராங்கனியாக இருக்கட்டும். 'பட்டுமாமியே' என்றால் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

உங்கள் களஞ்சியத்தில் இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எங்கள் நாலு பேரில் ஒருவனின் மாமா கனடாவுக்குப் போகும்போது உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோன பழைய இசைத்தட்டு ஒன்று இன்னும் ரொறன்ரோவில் இருக்கிறது. கீறல் உண்டு, ஆனால் பாடுகிறது. அதைப் பிரதி எடுத்து அனுப்ப அவன் தயார், காசு ஒன்றும் வேண்டாம். எந்த வடிவத்தில், எந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது என்று மட்டும் தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் மறுபடியும் "குறித்து வைத்திருக்கிறோம்" என்பார்கள்.

நன்றியுடன்,
நாலு தரம் தொலைபேசி எடுத்தவன்