மறுப்பதென்றால் முதல் நாளே மறுங்கள்: வன்னிச் சட்டத்தரணிகளுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு நீதிமன்றங்களில் குடும்ப வழக்கும் காணி வழக்கும் பேசும் சட்டத்தரணிகளுக்கும் உங்கள் சங்க நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

போன மாத விசயம் உங்கள் காதுக்கு எட்டாமல் இருந்திராது. நீதிமன்ற வளவில் தேத்தண்ணிக் கடைவரை கதைத்தார்கள். ஊரும் பெயரும் இங்கே வேண்டாம். வெளிநாட்டிலிருக்கும் கணவர் போட்ட மணநீக்க வழக்கில், அவர் மன்றுக்கு வராமலே கொடுக்கப்பட்ட ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை கைக்குக் கிடைத்த ஒரு பெண், மூன்றாம் நாளே ஒரு சட்டத்தரணியிடம் வழக்குக் கட்டோடு போயிருக்கிறார். கட்டு வாங்கி வைக்கப்பட்டது. "பார்ப்பம் அம்மா, அடுத்த கிழமை வாங்கோ" என்றார்கள். அடுத்த கிழமை போனால் ஐயா கொழும்பில். அதற்கடுத்த முறைதான் விசயம் வெளியே வந்தது: கணவரின் அற்றோர்ணித் தத்துவத்தை, அதாவது அவர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரத்தை, வைத்திருக்கும் மைத்துனருக்குக் காணி உறுதி எழுதுவதும் வழக்குப் பேசுவதும் அதே அலுவலகம். ஆகவே இந்த வழக்கை எடுக்க முடியாதாம்.

எடுக்க முடியாது என்றது முற்றிலும் சரி. எடுத்திருந்தால்தான் பிழை. ஆனால் அதைச் சொன்ன நாள் பதினைந்தாம் நாள்.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 86(2) ஆம் பிரிவை உங்களுக்கு நாங்கள் படிப்பிக்கத் தேவையில்லை. தீர்ப்பாணை சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள், வழக்காளிக்கு அறிவித்தல் கொடுத்து, தவணைக்கு வராததற்கு நியாயமான காரணம் உண்டு என்று மனுப் போட வேண்டும். சனி, ஞாயிறு, போயா எல்லாம் அந்த 14க்குள்தான். அதற்குள் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கேட்டைப் பார்க்க வேண்டும். நீதிமன்றக் கட்டளைகளைச் சேர்ப்பிக்கும் பிஸ்கல் உத்தியோகத்தர் அழைப்பாணையை எங்கே, யாரிடம், எப்படிச் சேர்ப்பித்ததாக அறிக்கை கொடுத்தார் என்று பிரதி எடுக்க வேண்டும். அந்தத் திகதியில் அந்தப் பெண் எங்கே வசித்தார் என்பதற்கு ஜி.எஸ்ஸிடம் (கிராம அலுவலரிடம்) கடிதம், வாக்காளர் இடாப்புப் பிரதி, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம் திரட்ட வேண்டும். பிறகு சத்தியக்கடதாசி தயாரித்துச் சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்க வேண்டும். துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ பஸ் பிடித்து வரும் ஒருவருக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு நாட்கூலி. பத்து நாள் கையில் இருந்தால் ஓடி முடிக்கலாம். இரண்டு நாள் இருந்தால் கஷ்டம். பதினைந்தாம் நாள் கட்டைத் திருப்பிக் கொடுத்தால், கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

இந்த வழக்குகள் ஏன் ஒருதலைப்பட்சமாகப் போகின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும். வழக்கு முறைப்பாட்டில் எழுதப்படும் மனைவியின் விலாசம் பெரும்பாலும் கலியாண எழுத்தில் உள்ள விலாசம், அதாவது 2009க்கு, யுத்தம் முடிவதற்கு, முந்திய வீடு. அழைப்பாணை அங்கே போகிறது, ஆள் இல்லை என்று திரும்புகிறது, ஒட்டிச் சேர்ப்பிக்கக் கட்டளை எடுக்கப்படுகிறது. கூரையும் நிலையும் இல்லாத வீட்டின் எந்தக் கதவில் ஒட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கணவர் விடுமுறையில் வந்து வன்கைவிடல், அதாவது மனைவி வேண்டுமென்றே கைவிட்டார், என்று சாட்சியம் சொல்லிவிட்டு அடுத்த விமானத்தில் போய்விடுவார். வெளிநாடு போனவர் அவர், கைவிட்டதாகத் தீர்ப்பு மனைவிக்கு. ஆனால் தீர்ப்பாணையைச் சேர்ப்பிக்கும்போது மட்டும் சரியான விலாசம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

அந்த 14 நாளும் போனால் போவது என்ன? முதல் தீர்ப்பாணை மூன்று மாதம் கழித்து முடிவானதாகும், மணம் முறியும். அதோடு, மனைவி என்ற முறையில் 1999 ஆம் ஆண்டு 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் மாதச் செலவுப்பணம் கேட்கும் வழி அடைபடும். பிள்ளைகளின் உரிமை மட்டும் மிஞ்சும். வழக்கு நடக்கும் காலத்துக்கான வாழ்க்கைப்பணமும் கேட்காமலே போயிற்று. தேடியதேட்டத்தில், அதாவது கலியாணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில், பங்கு, சீதனக் காணி எல்லாம் பிறகு தனித்தனிச் சண்டை. இவ்வளவுக்கும் காரணம், முதல் நாள் ஒருவர் "நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லாததுதான்.

ஆகவே கேட்பது இது: மறுப்பதென்றால் முதல் நாளே மறுங்கள். எழுத்தில் மறுங்கள். கட்டை அன்றே திருப்பிக் கொடுங்கள்.

மனச்சாட்சிப்படி வழக்குத் தெரிவு செய்கிறோம் என்று உங்களில் சிலர், குறிப்பாக இளையவர்கள், வெளிப்படையாகச் சொல்கிறீர்கள். அது நல்லது, வன்னிக்கு மிகவும் தேவையானது. தாபரிப்பு வழக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் உழவு இயந்திரத்தையும் வயலையும் தம்பியின் பெயருக்கு மாற்ற வருபவரை வாசலிலேயே திருப்புகிறவர்கள் இருக்கிறீர்கள். இடம்பெயர்ந்தவரின் காணியில் பத்து வருடம் இருந்துவிட்டு, இருந்த காலத்தை வைத்தே ஆட்சியுரிமை கோருபவரிடம், உரிமையாளர் எங்கே எப்படிப் போனார் என்று முதலில் விசாரிப்பவர்கள் இருக்கிறீர்கள். அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணிக்கு, பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல், உறுதி எழுத மாட்டேன் என்பவர்களும் இருக்கிறீர்கள். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அந்தக் கைமாற்றம் செல்லாது என்று தெரிந்துகொண்டே எழுதிக் கொடுத்து, பத்து வருடம் கழித்து அதே காணிக்கு வழக்கும் பேசுகிறவர்களுக்கு நடுவில், நீங்கள் செய்வது பெரிய காரியம்.

ஆனால் தெரிவு என்ற பெயரில் வேறொன்றும் நடக்கிறது. பிராங்கிலும் டொலரிலும் பீஸ் வரும் பக்கம் எப்போதும் "நியாயமான பக்கமாக" இருந்துவிடுகிறது. பிடிக்காத ஆளுக்கும் சட்டத்தரணி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று நீதவானிடம் கணக்குக் காட்ட ஒரு கூலித்தொழிலாளியான தகப்பனுக்கும் ஆள் தேவை. கட்டத் தவறும் ஒவ்வொரு மாதத்துக்கும் சிறை காத்திருக்கும் சட்டம் அது. பொய்யைத் தாக்கல் செய்யச் சொல்பவரை மறுங்கள். ஆளின் முகம் பிடிக்கவில்லை என்று மறுக்காதீர்கள். உயர் நீதிமன்றத்தின் 1988 ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் உங்கள் அலுமாரியில் இருக்கும்.

முரண் இருக்கிறதா, அதாவது எதிர்ப்பக்கம் ஏற்கெனவே உங்கள் கட்சிக்காரரா, என்று பார்க்க இரண்டு கிழமை எடுத்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். வன்னியில் உறுதி எழுதும் நொத்தாரிசும் வழக்குப் பேசுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். ஆகவே முரண் வருவது அதிசயமில்லை. தேடாமல் இருப்பதுதான் அதிசயம். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அகப்படாது. கலியாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்து, பின் கணவரின் முதலெழுத்து; உறுதியில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று. அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேடுங்கள். அதிலும் பழைய ஒன்பது இலக்கமும் எழுத்தும் உள்ளதும், புதிய 12 இலக்கமும் ஒரே ஆளுடையவை என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் எதிராளி, அற்றோர்ணித் தத்துவக்காரர், காணியின் பெர்மிட் அல்லது உறுதி இலக்கம் குறித்து வைத்தால் போதும். கதை கேட்கத் தொடங்குமுன் கொப்பியைப் புரட்டுங்கள். கதையைக் கேட்டபிறகு முரண் தெரிந்தால், அந்தப் பெண்ணின் இரகசியமும் உங்கள் மேசையில் இருக்கும், எதிராளியும் உங்கள் கட்சிக்காரராக இருப்பார்.

புரொக்ஸி, அதாவது கட்சிக்காரருக்காகத் தோன்றும் பத்திரம், போட்டபின் கைவிடுவது இதைவிட மோசம். அதை நீக்க நீதிமன்ற அனுமதி வேண்டும், பழைய சட்டத்தரணிக்கு அறிவித்தல் வேண்டும். அதுவரை புதிய ஆள் ஒரு தாளும் தாக்கல் செய்ய முடியாது. "சேரிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தாங்கோ" என்று அலையும் சனங்களை எந்தத் தவணை நாளிலும் வாசலில் பார்க்கலாம்.

சொல்லாமல் விடுவதால் இழந்தது இந்த 14 நாள் மட்டுமென்றால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டோம். 2016 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை காணிக்குப் போய் உரிமை கோர முடியாதவர்களுக்காகவே வந்த சட்டம். வழக்கிட இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் எத்தனை சங்க அறிவித்தற் பலகைகளில் அது தமிழில் தொங்கியது? காலம் முடிந்தபின் எல்லோருக்கும் அந்தச் சட்டம் நன்றாகத் தெரிந்திருந்தது. காணாமற்போனவரின் மனைவி சீதனக் காணியைப் பிள்ளைக்கு எழுதப் போனால், "புருசன்ர கையெழுத்து வேணும்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம் என்று 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த ஒரு வசனம் மேசைக்கு இந்தப்பக்கம் வரவில்லை.

சரி, கேட்க வந்ததற்குத் திரும்புகிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுங்கள். எடுக்காத வழக்குக்கு அரைப்பக்கத் துண்டு ஒன்று. வந்த திகதி, எடுக்க முடியாமைக்கான காரணம், முரண், நேரமின்மை, வேறு என்று ஒரு சொல்லில், திருப்பிக் கொடுத்த ஆவணங்கள், வாங்கிய அட்வான்ஸ் திருப்பிய தொகை. கீழே தடித்த எழுத்தில், நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய கடைசித் திகதியும், அந்த மாவட்டத்துச் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தின் விலாசமும். காரணத்தை விவரிக்கத் தேவையில்லை, எதிராளியின் இரகசியம் வெளியே வரவும் கூடாது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் வந்தவரின் கையொப்பம் வாங்கி வைத்துக்கொண்டால் நாளை உங்கள்மேல் முறைப்பாடு வந்தாலும் அதுவே உங்களுக்குச் சாட்சி.

தயவுசெய்து இதைத் தவணை போடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வன்னிக் கிராமங்களில் வழக்குக் கட்டுகளோடு சனங்களுக்கு உதவி செய்வோர்