பழைய துப்பாக்கிக்கு வயது சொல்லும் முன் முத்திரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வீட்டை இடிக்கும்போதோ கிணறு தூர் வாரும்போதோ ஒரு துப்பாக்கி கிடைத்துவிட்டால் போதும், 'ஆங்கிலேயர் காலத்துத் துப்பாக்கி கண்டெடுப்பு', '200 ஆண்டு பழமையானது' என்று செய்தி வந்துவிடுகிறது. உங்கள் பத்திரிகையும் இதற்கு விலக்கில்லை. அந்த 200 எங்கிருந்து வந்தது, யார் பார்த்துச் சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்துப் பராமரிக்கும் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப் படிக்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கிறது, ஏனென்றால் பதில் பெரும்பாலும் அந்த இரும்பிலேயே பொறித்திருக்கிறது, அதைப் பார்க்கத்தான் யாருமில்லை.

நம் போலீசார் தலைமுறை தலைமுறையாகத் தூக்கிய த்ரீ நாட் த்ரீ ரைபிளையே எடுத்துக்கொள்வோம். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி மடங்கி இறங்கும் இடத்தில், கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தின் வலப்பக்கத்தில் பாருங்கள். மேலே ஒரு கிரீடம், அதன்கீழ் அரசரின் எழுத்துகள், பிறகு தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, கடைசியில் மாடல். எழுத்து வி.ஆர். என்றால் விக்டோரியா, 1901-க்குள். ஈ.ஆர். என்றால் ஏழாம் எட்வர்டு, 1901 முதல் 1910 வரை. அதற்குப் பிறகு ஜி.ஆர்., அதாவது ஜார்ஜ் மன்னர்கள். வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்ததென்றால் ஜி.ஆர்.ஐ. என்று ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும், பேரரசர் என்பதற்காக. இப்போது முக்கியமான விஷயம்: சுதந்திரத்துக்குப் பிறகும் இஷாப்பூரில் இதே ரைபிளைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அவற்றில் கிரீடம் போய் அசோகர் தூணின் சிங்கம் வந்துவிட்டது, கூடவே ஆர்.எஃப்.ஐ. (ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) என்ற எழுத்தும். ஆக, நேரு பிரதமராக இருந்தபோது செய்த ரைபிளை வெள்ளைக்காரன் காலத்தது என்று எழுதிவிட முடியும், எழுதுகிறோம். 1962 சீனப் போருக்குப் பின் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக இஷாப்பூரில் செய்த 2ஏ, 2ஏ1 ரைபிள்களும் தூரத்திலிருந்து பார்த்தால் அதே ஜாடைதான். தோட்டா அடுக்கும் மேகசின் 10 தோட்டாவுக்குப் பதில் 12 தோட்டா பிடிக்கும், மாடல் பெயரும் மேலேயே அடித்திருக்கும், ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால்தானே தெரியும்.

ஆண்டு கண்ணில் பட்டதும் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். எஃப்.டி.ஆர். என்று ஓர் ஆண்டு போட்டிருந்தால் அது தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் முழுசாகப் பழுது பார்த்த ஆண்டு, செய்த ஆண்டு அல்ல. குழல் தேய்ந்து வேறு குழல் மாட்டியிருப்பார்கள், அதன் ஆண்டு தனி. போல்ட்டில் உள்ள எண்ணும் பாடியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு துப்பாக்கி சேர்ந்து ஒன்றாகியிருக்கிறது என்று பொருள். அப்புறம், 1853 என்ஃபீல்டு என்று சொல்கிறோமே, அது மாடல் ஏற்கப்பட்ட ஆண்டு. அந்த வகையில் ஒன்று கிடைத்தால் சுடும் பொறியைத் தாங்கும் பக்கவாட்டு இரும்பான பூட்டுத் தகட்டில் 1856 என்றோ 1859 என்றோ இருக்கலாம், அதைத்தான் எழுத வேண்டும்.

சக்கிமுக்கிக் கல் வைத்துச் சுடும் இன்னும் பழைய துப்பாக்கிகளிலும் ஜி.ஆர். இருக்கும், ஆனால் அந்த ஜார்ஜ் வேறு, இந்த ஜார்ஜ் வேறு. 1714 முதல் 1830 வரை வரிசையாக நான்கு ஜார்ஜ்கள். பிரிட்டிஷ் ராணுவம் 1764-இல் பூட்டுத் தகட்டில் ஆண்டு அடிப்பதை நிறுத்திவிட்டதால், லண்டன் டவர் ஆயுதக் கிடங்கைக் குறிக்கும் டவர் என்ற சொல்லும் கிரீடமும் மட்டும் இருந்தால் ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கி என்றால் நமக்கு அதிர்ஷ்டம். நான்காகப் பிரித்த இதய வடிவத்துக்குள் கம்பெனியின் எழுத்துகள் இருந்தால் 1808-க்கு முந்தையது, பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கம் இருந்தால் அதற்குப் பிந்தையது. இதயம் போட்ட பல தகடுகளில் செய்தவர் பெயரும் ஆண்டும்கூட உண்டு.

போலிகளும் உண்டு. பாகிஸ்தானில் பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் தலைமுறைகளாகக் கையாலேயே ஆங்கிலேயத் துப்பாக்கிகளை நகல் எடுக்கிறார்கள். கிரீடத்தின்கீழ் வி.ஆர். என்று அடித்துவிட்டு ஆண்டை 1919 என்று போட்டிருப்பார்கள். விக்டோரியா இறந்து அப்போது 18 வருஷம்! சிலவற்றில் ஆங்கில 'என்' எழுத்து திரும்பி நிற்கும்.

நம் மலையோர ஊர்களில் கிடைக்கும் நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் உள்ளூர்க் கொல்லர் செய்தவை. முத்திரை இல்லாத அவற்றுக்கு 200 வருஷம் என்று வயது போடுவது வெறும் ஊகம்.

வயது ஏன் முக்கியம் என்றால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி ஒன்று தொல்பொருளா என்பதற்கு 100 ஆண்டு ஆகியிருக்கிறதா என்பதுதான் கணக்கு. 1918 என்று அடித்த ரைபிளும் 1951 என்று அடித்த ரைபிளும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. துப்பாக்கி கிடைத்தவர்களும் துருவை எடுக்கிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், முதலில் அழிவது இந்த முத்திரைதான். பெயரையும் எண்ணையும் அழிப்பது ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. உள்ளே வெடிமருந்தோ தோட்டாவோ இருக்கலாம், அதனால் தொடாமல் போலீசுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் நிருபர்களிடம் ஒன்று சொல்லுங்கள். ஸ்டேஷனில் துப்பாக்கியை மேசைமேல் வைத்து அதிகாரிகளோடு படம் எடுப்பது சரி, அதோடு பூட்டுத் தகட்டையும் கட்டைக்கு முன்னால் உள்ள வளையத்தையும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அதையும் போடுங்கள். அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் உள்ளபடியே செய்தியில் கொடுத்தால், வயதைக் கணக்குப் போட்டுச் சொல்ல என்னைப் போன்ற பழைய ஆர்மரர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆர்மரர்,
வேலூர்