செபிக்கு ஒரு திறந்த மடல்: மேண்டேட் கேட்பதற்கு முன் மூன்று எண்களைக் காட்டுங்கள்

இந்தியப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தலைவர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, போன வாரம் ஒரு ஐபிஓவுக்கு (கம்பெனி தன் பங்கை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்பது) விண்ணப்பம் போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நூல் கோத்த ஊசியை ரவிக்கைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போனை எடுத்தார். ஒரு லாட் (குறைந்தபட்சம் வாங்க வேண்டிய பங்குக் கட்டு), கட்-ஆஃப் விலைக்கு, அதாவது கடைசியில் முடிவாகும் விலைக்கு, ஒரு டிக், யுபிஐ முகவரி, அப்புறம் பணத்தை வங்கிக் கணக்கில் முடக்கி வைக்க அனுமதி தரும் மேண்டேட்டுக்கு ரகசிய எண். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "கம்பெனி லாபத்துல ஓடுதாக்கா?" என்று கேட்டேன். "தெரியலப்பா, எல்லாரும் போடுறாங்கல்ல" என்றார். அக்காவை நான் குறை சொல்லவில்லை. அந்தத் திரையில் எங்கேயும் லாபமா நட்டமா என்று இல்லை.

அதைப் பார்த்தபோது எனக்கு 2021 நவம்பர் 18 தான் ஞாபகம் வந்தது. பேடிஎம்மின் தாய் நிறுவனமான ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் பங்குச்சந்தையில் பட்டியலாகி வர்த்தகம் தொடங்கிய நாள். 18,300 கோடி ரூபாய் ஐபிஓ, அதுவரை இந்தியாவில் வந்ததிலேயே பெரியது, பெட்டிக்கடையில்கூட ஒட்டியிருக்கும் பெயர், அதனால் யாருக்கும் அறிமுகமே தேவைப்படவில்லை. 2,150 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு மும்பை பங்குச்சந்தையில் 1,955-க்குத் திறந்து, மாலையில் 1,564-ல் வந்து நின்றது. ஒரு லாட்டுக்கு ஆறு பங்கு, 12,900 ரூபாய். ஒரே நாளில் அதில் 3,500 ரூபாய் போய்விட்டது. சிலர் திறந்த நிமிடமே விற்றார்கள், சிலர் இறங்கிய விலையில் இன்னும் வாங்கி சராசரி விலையைக் குறைத்தார்கள், அன்றைக்கே 1,200 ரூபாய்தான் பெறும் என்று எழுதிய மெக்குவாரி தரகு நிறுவனத்தின் அறிக்கையைத் திட்டினவர்களும் உண்டு. லிஸ்டிங் விழாவில் நிறுவனர் கண்கலங்கிய காணொளியைப் போட்டு, எங்கள் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். கோபம் நியாயமானது. ஆனால் கோபம் அறிக்கை எழுதினவர் மேலும் நிறுவனர் மேலும் போனதே தவிர, நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஏன் தெரியாமல் போனது என்ற கேள்வி பெரிதாக எழவே இல்லை.

இத்தனைக்கும் எதுவும் மறைக்கப்படவில்லை. 2020-21-ல் 1,701 கோடி ரூபாய் நட்டம் என்பது விண்ணப்ப ஆவணத்திலேயே இருந்தது. திரட்டிய 18,300 கோடியில் 8,300 கோடிதான் கம்பெனிக்கு, மீதி 10,000 கோடி ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்று எடுத்துக்கொண்டு போவது என்பதும் இருந்தது. எனக்கு இன்றும் நெஞ்சை உறுத்துவது இன்னொரு கணக்கு. இரண்டு லட்சத்துக்கு மேல் போடக்கூடிய பணக்காரத் தனிநபர்களுக்கு ஒதுக்கிய பகுதியில் வந்த விண்ணப்பம் 0.24 மடங்கு. அதாவது கால் பங்குகூட நிரம்பவில்லை. நம்மைப் போன்ற சில்லறை முதலீட்டாளர் பகுதியோ 1.66 மடங்கு. விவரம் தெரிந்த, பணம் உள்ள தனிநபர்கள் ஒதுங்கி நின்ற இடத்தில் சின்ன ஆட்கள்தான் வரிசையில் நின்றிருக்கிறார்கள். இந்த எண் தினமும் சாயங்காலம் பங்குச்சந்தைத் தளத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. மேண்டேட் கேட்ட திரையில் மட்டும் வரவில்லை.

நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். லாபம் காட்டாத கம்பெனி என்றால் சில்லறை முதலீட்டாளருக்கு ஒதுக்கும் பங்கு 35 அல்ல, 10 சதவீதம்தான் என்ற விதி அன்றைக்கும் நம்மைக் கொஞ்சம் காப்பாற்றியது, இல்லையென்றால் அடி இன்னும் அதிகமாக விழுந்திருக்கும். அதன்பின், ஐபிஓ திறப்பதற்கு முன்பே பங்கு வாங்கும் பெரிய நிறுவனங்களான ஆங்கர் முதலீட்டாளர்கள் தங்கள் பங்கில் பாதியை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மாற்றினீர்கள். சரி, நல்லது. ஆனால் இதெல்லாம் கம்பெனிக்கும் பெரிய முதலீட்டாளருக்கும் போட்ட விதி. தையல் கடைக்குள் எதுவும் வந்து சேரவில்லை.

2024-ல் நீங்களே ஓர் ஆய்வு வெளியிட்டீர்கள். 20 சதவீதத்துக்கு மேல் லாபம் கிடைத்த ஐபிஓக்களில் தனிநபர்கள் ஒரே வாரத்தில் மதிப்பில் 67.6 சதவீதப் பங்கை விற்றிருக்கிறார்கள், நட்டமான ஐபிஓக்களில் 23.3 சதவீதம்தான். லாபத்தை விற்றுவிட்டு நட்டத்தை வீட்டில் வைத்துக்கொள்கிறோம். முதலாவது நாள் போன 3,500 ரூபாய் திரும்பி வரும் என்று காத்திருந்தவர்கள், ஒரு வருடம் கழித்து அந்தப் பங்கு 500 ரூபாய்க்குக் கீழே போனதையும் பார்த்தார்கள். வாங்கின பிறகு சொல்லிப் பயனில்லை, வாங்குவதற்கு முன்னால்தான் சொல்ல வேண்டும் என்பதற்கு உங்கள் ஆய்வைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அதனால் நான் கேட்பது இதுதான். ஐபிஓ விண்ணப்பம் வாங்கும் ஒவ்வொரு செயலியும், மேண்டேட் அனுப்பும் முன் ஒரே ஒரு திரை காட்ட வேண்டும். மூன்று வருட லாப நட்டம், நாம் கொடுக்கும் பணத்தில் கம்பெனிக்கு எவ்வளவு விற்பவர்களுக்கு எவ்வளவு, அன்றைய தேதிக்கு எந்தப் பகுதி எத்தனை மடங்கு. படித்தேன் என்று ஒரு டிக், அவ்வளவே. பல நூறு பக்க ஆவணத்துக்கு இணைப்பு கொடுத்துவிட்டோம் என்று கம்பெனிகள் சொல்லும். அந்த ஆவணத்தை ஆறங்குலப் போனில், கையில் தைக்க வேண்டிய துணியோடு, ஒருவர் படிப்பார் என்று யாராவது நிஜமாகவே நம்புகிறார்களா?

இன்னொன்று. ஐபிஓ விவரங்களைக் காணொளியாகப் போட வேண்டும் என்று 2024-ல் விதி கொண்டுவந்தீர்கள், மிக நல்ல விஷயம். ஆனால் ஆங்கிலம், இந்தி என்று இரண்டு மொழிதான் கட்டாயம். பணம் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறது, விளம்பரம் தமிழில் வருகிறது, எச்சரிக்கை மட்டும் தமிழில் வரக் கூடாதா? சென்னையில் உங்களுக்குத் தென்மண்டல அலுவலகமே இருக்கிறது. அங்கே இதைப் பார்த்துச் சரி சொல்ல ஆள் கிடைக்காமலா போகும்?

அக்காவுக்கு அலாட்மென்ட் (பங்கு ஒதுக்கீடு) ஆகிறதா என்று தெரிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அடுத்த முறை அவர் போனை எடுக்கும்போது அந்தத் திரை வரட்டும். அதற்கு அப்புறமும் போடுவதென்றால் அது அவர் பணம், அவர் முடிவு.

இப்படிக்கு,
ஒரு சிறு முதலீட்டாளர்