இசைக்குழு நடத்துநர்களைப் பற்றி, ஞாயிறு சந்திப்புக்கு முன்

அனைவருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு பயிற்சி முடிந்ததும் ஒரு அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள். சமூக பேண்டுகளை, அதாவது ஊர்மக்களே சேர்ந்து வாசிக்கும் காற்றுக்கருவிக் குழுக்களை, கட்டிக் காத்த நடத்துநர்களைப் பற்றிப் பேசலாம்.

அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் அலன்டவுன் பேண்ட் 1828 முதல் இயங்குகிறது. ஆல்பர்ட்டஸ் மேயர்ஸ் அதை 1926 முதல் 50 ஆண்டுகள் நடத்தினார். புகழ்பெற்ற அமெரிக்க அணிவகுப்பு இசையமைப்பாளர் சூசாவின் பேண்டில் கார்னெட் (டிரம்பெட் போன்ற சிறிய கருவி) வாசித்தவர் அவர். 1977இல் பொறுப்பேற்ற ரொனால்ட் டெம்கீ அலன்டவுன் பேண்டிலேயே டியூபா என்ற பெரிய பித்தளைக் கருவியை வாசித்தவர், பள்ளி இசை ஆசிரியரும்கூட. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: வெளியிலிருந்து ஆளைத் தேடவில்லை, வரிசையில் உட்கார்ந்து வாசித்தவரே மேடையேறினார்.

கையசைப்பது நடத்துநர்களின் வேலையில் சிறு பகுதிதான். ஓபோ, பசூன் போன்ற மரக்காற்றுக் கருவிகளை வாசிப்பவர்கள் சமூக பேண்டில் எளிதில் கிடைப்பதில்லை. அந்தப் பகுதிகளைப் பிற கருவிகளின் தாள்களில் சிறிய சுரக்குறிகளாக அச்சிட்டிருப்பார்கள். இன்று யார் வரவில்லை என்று பார்த்து, 'பசூன் வரியை யூஃபோனியம் (சிறிய டியூபா போன்ற கருவி) எடுக்கட்டும்' என்று அந்த நொடியில் முடிவெடுக்க, முழு இசைத்தாளும் மனதில் இருக்க வேண்டும். அப்புறம், 15 வயது மாணவரையும் 70 வயது பெரியவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, இருவரும் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு முதன்முதலில் மூச்சுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியரைப் பற்றி இரண்டு வரி இங்கே எழுதுங்கள். ஞாயிறு அன்று எல்லாவற்றையும் வாசிப்போம். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி.