கேஸ்கேட் என்று சொல்லி விற்ற இரண்டு டெம்பரேச்சர் கன்ட்ரோலர்கள் பற்றி

சர்வீஸ் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று முறை போன் செய்தாகிவிட்டது. மூன்று முறையும் "இன்னொரு தடவை ஆட்டோ ட்யூன் போட்டுப் பாருங்க சார்" என்ற அதே பதில்தான், அதாவது கன்ட்ரோலர் தன் செட்டிங்கைத் தானே கண்டுபிடிக்கட்டுமாம். அதனால் இப்போது எழுத்திலேயே தருகிறேன், தயவுசெய்து விஷயம் தெரிந்த ஒருவர் கையில் இதைக் கொடுங்கள்.

பெருந்துறைப் பக்கம் எங்களுடையது சின்ன யூனிட். திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு, துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர் ஃப்ளேக்ஸ் போடுகிறோம். ஸ்டியரிக் ஆசிட்டையும் அமீனையும் கெட்டிலில் போட்டு 150 டிகிரியில் மணிக்கணக்கில் சமைக்கிற வேலை. சூடு மீறினால் சரக்கு மஞ்சளடித்துவிடும், வாங்க வருகிறவர் உள்ளங்கையில் நாலு ஃப்ளேக்ஸைப் போட்டு நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார், விலையெல்லாம் அப்புறம். கெட்டிலைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் ஓடுவது தெர்மிக் ஃப்ளூயிட், அதாவது ஹீட்டரில் சூடாக்கிய எண்ணெய். பக்கத்துக் கெட்டில் சூட்டை இழுத்தாலும் ஹீட்டரின் பர்னர் அணைந்து எரிந்தாலும் எண்ணெயின் சூடு ஏறி இறங்கும், அது சரக்கில் தெரிவதற்கே இருபது நிமிடம் ஆகிவிடும், தெரிந்தபின் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஒரு கன்ட்ரோலர் (மாஸ்டர்) சொல்ல இன்னொன்று (ஸ்லேவ்) செய்கிற கேஸ்கேட் முறையைக் கேட்டதே இதற்காகத்தான். மாஸ்டர் சரக்கின் சூட்டைப் பார்த்து "ஜாக்கெட்டை இத்தனை டிகிரியில் வை" என்று 4-20 மில்லிஆம்பியர் மின்சிக்னலில் சொல்ல வேண்டும், ஸ்லேவ் அதை ரிமோட் செட்பாயின்டாக (வெளியிலிருந்து வரும் இலக்குச் சூடாக) எடுத்துக்கொண்டு எண்ணெய் வால்வைத் திறந்து மூட வேண்டும். இரண்டு கன்ட்ரோலருமே உங்களுடையவை. ரிமோட் செட்பாயின்டுக்குத் தனியாகப் பணம் கட்டினோம், பெட்டியின் ஸ்டிக்கரில் ஆர்டர் கோடிலும் அது இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜாக்கெட்டுக்கு எங்களுக்குத் தேவை 50 முதல் 220 டிகிரி வரை. அதாவது 4 மில்லிஆம்பியர் வந்தால் 50, 20 வந்தால் 220, நடுவில் 12 வந்தால் 135. உங்கள் மேனுவலில் ரிமோட் செட்பாயின்டுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு பாராமீட்டர் போட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு வந்த கன்ட்ரோலரின் மெனுவில் இரண்டுமே இல்லை. அது சென்சாரின் முழு ரேஞ்சையே எடுத்துக்கொள்கிறது. கே டைப் தெர்மோகப்பிள், 0 முதல் 1200. லைனில் மீட்டரைத் தொடராகப் போட்டுப் பார்த்தேன், 12.0 மில்லிஆம்பியருக்கு அது கணக்குப் போடுவது 600 டிகிரி! செட்பாயின்ட் உச்சவரம்பை 220-இல் கட்டிவைத்திருப்பதால் டிஸ்ப்ளேயில் 220 என்று நின்றுவிடுகிறது, யாருக்கும் சந்தேகம் வராது.

இதன் விளைவைப் பாருங்கள். 1200-இல் 220 என்பது சுமார் 18 சதவீதம், அதனால் மாஸ்டரின் அவுட்புட் 18 சதவீதத்தைத் தாண்டினாலே ஸ்லேவ் 220-இல் முட்டி நிற்கிறது. சூடேற்றும்போது மாஸ்டர் 100 சதவீதம் வரை போய் உட்கார்ந்துவிடுகிறது, சரக்கு 150-ஐ நெருங்கியதும் அது இறங்கத் தொடங்கினாலும் 100-இலிருந்து 18 வரை இறங்குகிற நேரமெல்லாம் ஜாக்கெட் அதே 220-இல் கொதித்துக்கொண்டிருக்கிறது. முதல் பேட்ச் 168-ஐத் தொட்டது. 18-க்குக் கீழே வந்ததும் கதை தலைகீழ், கொஞ்சம் அசைந்தாலும் செட்பாயின்ட் சரிந்து வால்வு முழுதாக மூடிவிடுகிறது. 170 டிகிரி அகலத்துக்கு 1200 என்றால் மாஸ்டரின் கெயின், அதாவது அது கொஞ்சம் அசைந்தால் ஜாக்கெட் செட்பாயின்ட் எவ்வளவு அசையும் என்பது, ஏழு மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். இதற்கு எத்தனை ஆட்டோ ட்யூன் போட்டு என்ன?

ஆட்டோ ட்யூன் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பிய தம்பி நல்ல பையன், குறை சொல்லவில்லை. ஆனால் வந்ததும் இரண்டு கன்ட்ரோலரிலும் ஒரே நேரத்தில் ட்யூனிங்கை ஓட்டினார். மாஸ்டரை மேனுவல் மோடில் (கையால் இயக்கும் நிலையில்) வைத்து ஸ்லேவை முதலில் முடிக்க வேண்டும், அது ரிமோட்டில் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்தபிறகுதான் மாஸ்டர். ஒன்று ஆட்டும்போது இன்னொன்றும் ஆடினால் எதை அளப்பது?

இன்னொரு சம்பவம். போன மாதம் டெர்மினலில் ஒரு ஒயர் லூஸாகி ரிமோட் சிக்னல் போய்விட்டது. சிக்னல் போனால் லோக்கலுக்கு, அதாவது ஸ்லேவிலேயே வைத்திருக்கும் செட்பாயின்டுக்கு, மாறும் என்கிறது மேனுவல், மாறியது. ஆனால் லோக்கல் செட்பாயின்டில் ட்ரையல் ஓட்டியபோது வைத்த 200 அப்படியே இருந்திருக்கிறது. 165-இல் நின்ற ஜாக்கெட் அலாரம்கூட அடிக்காமல் 200-க்குக் கிளம்பிவிட்டது. கடைசியாக வந்த ரிமோட் மதிப்பை லோக்கல் பின்தொடரும் வசதி இருந்தால் இது நடந்தே இருக்காது. அதுவும் மேனுவலில் இருக்கிறது, மெனுவில் இல்லை. ஆபரேட்டர் கண்ணில் பட்டதால் அந்த பேட்ச் தப்பியது.

இப்போதைக்கு மாஸ்டரின் அவுட்புட்டை 18 சதவீதத்தில் கட்டி, ப்ரொப்போர்ஷனல் பேண்டை ஏழு மடங்கு விரித்து (அதாவது கெயினை அந்த அளவு குறைத்து) ஓட்டுகிறோம். ஓடுகிறது, ஆனால் அவுட்புட் 0.1 சதவீதம் நகர்ந்தாலே ஜாக்கெட் 1.2 டிகிரி நகர்கிறது, கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி. இதைத் தீர்வு என்று எழுதி என் கம்ப்ளெயின்டை மூடிவிடாதீர்கள்.

மேனுவலில் சொன்ன எல்லைப் பாராமீட்டரும் பின்தொடரும் வசதியும் உள்ள கன்ட்ரோலரை மாற்றிக் கொடுங்கள், அல்லது சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுங்கள். இரண்டும் முடியாது என்றால் ரிமோட் செட்பாயின்டுக்கு வாங்கிய கூடுதல் பணம் திரும்ப வேண்டும், மஞ்சளாகிப்போன முதல் பேட்சுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். பில் நகலும் மேனுவலின் அந்தப் பக்கமும் மெனு போட்டோக்களும் இணைத்திருக்கிறேன்.

ஆள் அனுப்புவதானால் காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்குள் முதல் பேட்ச் இறங்கிவிடும். 4-20 கேலிப்ரேட்டர் எங்களிடமே இருக்கிறது. 12 மில்லிஆம்பியர் கொடுத்து, செட்பாயின்ட் உச்சவரம்பைத் தளர்த்திவிட்டு அந்த 600-ஐ அவர் கண்ணெதிரிலேயே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மெயின்டனன்ஸ் பொறுப்பாளர்