நங்கூரம் தூக்கிப் போய்விட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்களுக்கு,

பெயரைப் போட்டுத் தொடங்கியிருக்க வேண்டிய மடல் இது. ஆனால் உங்களில் பாதிப் பேருக்கு எனக்குத் தெரிந்த பெயர் உங்கள் படகின் பெயர்தான். கடலில் பழக்கம் அப்படி. மாலையில் ஒருவர் படகில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவோம். காலையில் எழுந்து பார்த்தால் அந்த இடத்தில் தண்ணீர்தான் இருக்கும். காற்று வாகாக வந்துவிட்டது, கிளம்பிவிட்டீர்கள். கையெடுத்துக் கும்பிடக்கூட நேரம் இருந்ததில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இதை எழுதுகிறேன். எங்காவது, யார் கண்ணிலாவது பட்டு உங்களிடம் வந்து சேரட்டும்.

எங்கள் பாய்மரப் படகை இப்போது பிஜியின் மேற்குக் கரையில் தரையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென் பசிபிக்கில் புயல் காலம், அதுவரைக்கும் ஓட்டம் இல்லை. மடியில் நேரம் கிடக்கிறது. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றித் துடைக்கும்போதும் யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். வருகிற வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில், வானொலியில் குரலாக மட்டும் வந்தவருக்கு. தென் அமெரிக்காவுக்கு மேற்கே உள்ள கலாபகஸ் தீவுகளிலிருந்து பசிபிக் நடுவே உள்ள மார்க்கெசஸ் தீவுகளுக்கு ஏறக்குறைய 3000 கடல் மைல். எங்கள் முப்பத்தெட்டு அடிப் படகுக்கு அது 23 நாள். தென்கிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். கேட்பதற்குச் சுகமாக இருக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு அது இடைவிடாத தொட்டில். தினமும் காலையில் ஷார்ட்வேவில் நீங்கள் ஒவ்வொரு படகாகக் கூப்பிடுவீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, காற்று, எல்லோரும் நலமா, அவ்வளவுதான். பதினோராம் நாள் எங்கள் குரல் வெளியே போகவில்லை. உங்களை எங்களுக்குக் கேட்கிறது, எங்களை உங்களுக்குக் கேட்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் நாளே அதில் போயிருக்கும். சாயங்காலம்தான் கண்டுபிடித்தேன். வானொலியிலிருந்து படகின் அடிப்பக்கம் போகும் செம்புப் பட்டை பச்சைப் பாசிபோலப் பூத்து, இணைப்பு விட்டிருந்தது. சுரண்டி முடுக்கிவிட்டு, நடுங்கிய குரலில் பேசினேன். நீங்கள் திட்டவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. "நல்லது. அட்சரேகை சொல்லுங்க" என்றீர்கள். அன்று இரவு நானும் என் மனைவியும் மாறி மாறி அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சிரித்தோம். சிரித்தோம் என்று எழுதுகிறேன், கொஞ்சம் அழவும் செய்தோம்.

அதே பயணத்தில் பதினைந்தாம் நாள் இன்னொன்று. அடித்தட்டுப் பம்ப் தானாக ஓட ஆரம்பித்தது. பலகையைத் தூக்கிப் பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். கவிழ்ந்துவிட்டால் வைக்காமல் இருந்துவிடலாம். கவிழப் போகிறதா இல்லையா என்று தெரியாதபோது கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடுகிறது. நான் ஒவ்வொரு வால்வாகத் தடவிக்கொண்டிருந்தேன். என் மனைவி குனிந்து, அந்த அழுக்குத் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பு இல்லைங்க" என்றாள். அவ்வளவுதான், படகு மூழ்கவில்லை. எங்கள் குடிதண்ணீர்த் தொட்டியின் குழாயில் கவ்வி தளர்ந்து, உள்ளே இருந்த நல்ல தண்ணீர்தான் அடித்தட்டில் கிடந்தது. அதன் பிறகு மார்க்கெசஸ் வரை முகம் கழுவக் கடல் தண்ணீர்தான், அது வேறு கதை. இந்த ருசி பார்க்கும் வித்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்த எங்கள் முதல் பயிற்சியாளரே, உங்கள் வகுப்பில் நான் அன்று தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. அவள் தூங்கவில்லை. இருவருக்கும் நன்றி.

மார்க்கெசஸின் நூக்கு ஹிவா தீவில் நங்கூரம் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பக்கத்துப் படகிலிருந்து வெள்ளைத் தாடியோடு நீங்கள் வந்தீர்கள். 'வாங்க' என்று நாங்கள் சொல்வதற்கு முன்னால் உங்கள் கண் பாய்மரத்துக்குப் போய்விட்டது. பையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்தீர்கள். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் எஃகு வடங்களை ஒவ்வொன்றாகப் பஞ்சால் உருவிக்கொண்டே வந்தீர்கள். இடப்பக்கம் மூன்றாவது வடத்தில், தளத்தை ஒட்டிய முனைக்கு விரற்கடை மேலே, பஞ்சு சிக்கிக்கொண்டது. ஒரு துணுக்கு வெள்ளை, காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அது தெரிகிறது.

பத்தொன்பது இழை முறுக்கிய வடம். அதில் ஒன்று அறுந்திருந்தது, பக்கத்திலிருந்ததில் விரிசல். வடத்தின் கீழ்முனை அமுக்கிப் பொருத்திய எஃகுக் குழாய். வடத்தின் வழியே வழியும் உப்புத் தண்ணீர் அதற்குள் இறங்கித் தங்கிவிடும். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. கிளம்புவதற்கு முன் ஒரு படகுத்துறையில் காசு கொடுத்துச் சோதித்தபோது, "இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். யாரென்று சொல்லப் போவதில்லை. அவர்கள் கையில் பஞ்சு இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நீங்கள் அந்த வடத்தைக் கழற்றிவிட்டு, டைனீமா என்னும் செயற்கை இழைக் கயிற்றில் புதிதாக ஒன்றைப் பின்னிப் போட்டீர்கள். முழு ஒரு நாள் வேலை. "இது எஃகைவிடத் தாங்கும். ஆனா எங்கேயும் உரசக் கூடாது, உரசினா அதோடு சரி. முதல் வாரம் கொஞ்சம் நீளும், தினம் காலையில இறுக்குங்க" என்றீர்கள். தஹிதித் தீவின் பபீட்டியில் புது வடம் கிடைக்கும்வரை அந்தக் கயிறுதான் பாய்மரத்தைத் தாங்கியது. தினம் காலையில் இறுக்கினேன், ஐயா. ஒரு நாள் விடவில்லை.

தூவாமோத்துத் தீவுக்கூட்டத்துக்கு வந்தோம். அது மலைத் தீவு இல்லை, கடலில் போட்டு வைத்த வளையல்கள். நடுவே அமைதியான உள்கடல், சுற்றிப் பவளப்பார், எங்கோ ஒரு வாசல். அலைகள் பாரைத் தாண்டி உள்ளே கொட்டுகிற தண்ணீர் முழுவதும் அந்த வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தெற்கே பெரிய அலை எழும்பியிருந்தால், ஓத நேரம் என்ன சொன்னாலும் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வெளியே பாய்ந்துகொண்டே இருக்கும். இதை எனக்கு வரைந்து காட்டிய பெரியவருக்கும், "சூரியன் உச்சிக்கு வரட்டும், முதுகுப் பக்கம் இருக்கட்டும், அப்பதான் பாறை தெரியும்" என்று எங்களை இரண்டு மணி நேரம் வெளியே நிறுத்தி வைத்த முன்படகுக்காரருக்கும் தனித்தனியாக நன்றி. உள்ளே போனபின் பழுப்புத் திட்டுகளைப் பார்த்தோம். சில என் வீட்டுக் கதவளவு, தண்ணீருக்கு ஒரு சாண் கீழே.

அந்தக் கூட்டத்தில் ஒன்றான ஃபகராவாவில் இரவில் 'மராமு' அடித்தது. தென்கிழக்கிலிருந்து வரும் முரட்டுக் காற்றுக்கு அங்கே அதுதான் பெயர். ஐம்பது மீட்டர் சங்கிலி போட்டிருந்தோம். காற்று திரும்பத் திரும்ப, சங்கிலி பவளத் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு, பம்பரத்தில் கயிறு சுற்றிய கணக்காகக் குட்டையாகிவிட்டது. ஒவ்வொரு அலைக்கும் படகின் முன்முனையான அணியம் கீழே இழுபட்டு, படகு முழுவதும் அதிர்ந்தது. அதிர்வைத் தாங்கப் போட்டிருந்த நைலான் கயிறு விடிவதற்குள் அறுந்தது.

விடிந்ததும் முத்துப் பண்ணைப் படகில் வந்த தம்பி, உன் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி உனக்குத் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காற்றுக் குடுவை ஒன்றும் இல்லாமல், ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இறங்கினாய். மேலே வந்து கையை அசைப்பாய். முன்னே, இடது பக்கம், நிறுத்து, சங்கிலியை விடு. மனைவி சுக்கானில், நான் அணியத்தில். எத்தனை முறை இறங்கினாய் என்று எண்ணவில்லை, பயத்தில் எண்ண முடியவில்லை. விடுவித்த பிறகு எதையும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாய். மாறாக, கரையில் ஒதுங்கிக் கிடந்த பண்ணை மிதவைகள் நாலைக் கொண்டுவந்து எங்கள் தளத்தில் போட்டாய். சங்கிலியில் எங்கெங்கே கட்ட வேண்டும் என்று விரலால் காட்டினாய். நங்கூரத்தை ஒட்டிய முதல் பதினைந்து மீட்டர் மணலில் படுத்திருக்கும், அதற்குமேல் ஐந்து மீட்டருக்கு ஒரு மிதவை. மீதிச் சங்கிலி பவளத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு நிற்கும். படகும் பிழைக்கும், பவளமும் பிழைக்கும். அந்த மிதவைகள் இப்போதும் எங்களிடம் இருக்கின்றன. ஒன்று வெடித்துவிட்டது, அதையும் தூக்கிப் போட மனசில்லை.

முன்பாயின் ஓரப் பட்டைத் தையலை உங்கள் மெஷினில் ஒரு மதியத்தில் ஓட்டிக் கொடுத்த அக்காவுக்கு நன்றி. துணி நன்றாகத்தான் இருந்தது, வெயில் முதலில் நூலைத்தான் தின்னும் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

இப்போது, பச்சைப் படகு அம்மா. உங்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன், உங்கள்மேல்தான் அன்று அதிகம் கோபமும் வந்தது. எஞ்சின் சூடேறி அலறியது. புகைக்குழாய் வழியே கடல் தண்ணீர் துப்பவில்லை. பம்பைத் திறந்தேன், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் ஆறு ரப்பர் இறக்கைகளில் நாலைக் காணோம். புதியதைப் போட்டேன், தண்ணீர் வந்தது. பெருமையாக உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "அந்த நாலும் எங்கே போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் சிறு படகில் ஏறி வந்து, எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டீர்கள். எஞ்சினைத் தொடவே மாட்டேன் என்றீர்கள். அறுபது தாண்டிய, கை முழுக்க கிரீஸ் வடு உள்ள மெக்கானிக், என் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க மாட்டேன் என்றால் எரிச்சல் வராதா? "குழாயைக் கழற்று. அடுத்தது. அடுத்தது" என்று மட்டும் சொன்னீர்கள். எஞ்சின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் தண்ணீர் நுழையும் வாயில் இறக்கைகள் துண்டு துண்டாக அடைத்துக்கொண்டிருந்தன. துண்டுகளை ஒரு காகிதத்தில் வைத்து, உடைந்த வளையலை ஒட்டுகிற மாதிரி சேர்த்துப் பார்க்கச் சொன்னீர்கள். மூன்று முழுசு. நாலாவதில் ஒரு நகத்தளவு குறைந்தது. "அது வேண்டும்" என்றீர்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம். வளைவுக் குழாய் ஒன்றின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த நகம். அன்று விட்டிருந்தால் பாதித் தண்ணீரில் எஞ்சின் ஓடியிருக்கும், வாசலில் நீவாட்டை எதிர்த்து முழு வேகம் கொடுக்கும்போதுதான் மறுபடி அலறியிருக்கும்.

புது இம்பெல்லரைப் பொருத்தும்போது சோப்புத் தண்ணீர் தடவு, கிரீஸ் தடவாதே, ரப்பர் கெட்டுவிடும் என்று கிளம்பும்போது போகிறபோக்கில் சொன்னீர்கள். நான் ஏற்கெனவே கிரீஸ்தான் தடவியிருந்தேன். அதை அன்று உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அன்று மாலையே மாற்றிவிட்டேன், அம்மா.

கடைசியாக, இங்கே பிஜியில். இந்தக் கரையில் படகை நிறுத்துவது ஒரு தனி வேலை. தரையில் பள்ளம் தோண்டி, படகின் அடிக்கத்தியை அதற்குள் இறக்கி, சுற்றிலும் பழைய டயர்களை அடைத்து, வார்களால் தரையோடு இழுத்துக் கட்டுகிறார்கள். புயல் வந்தாலும் சாயாமல் இருக்க வேண்டுமாம். நாற்று நட்ட மாதிரி நிற்கிறது. எங்கள் படகை நட்டவர் தன் பாட்டனாருக்குப் பாட்டனார் சென்னையிலிருந்து 'கிர்மித்' ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர் என்றார். 1903க்குப் பிறகு அப்படி வந்த தென்னிந்தியர்களின் வாரிசுகள் இங்கே நிறையப் பேர். அவரிடம் தமிழ் ஏழெட்டுச் சொல்தான் மிச்சம். அதில் ஒன்று 'தம்பி'. அந்த ஒன்றைப் போட்டு என்னைக் கூப்பிட்டு, உந்துதண்டில் மாட்டியிருந்த துத்தநாகக் கட்டியைக் காட்டினார். வாயில் போட்ட வெல்லக்கட்டிபோலக் கரைந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு மிஞ்சியிருந்தது. படகைத் தள்ளும் விசிறிக்குப் பதிலாகத் தான் கரைய வேண்டும் என்றே மாட்டுவது அது. பாதி கரைந்ததுமே மாற்றியிருக்க வேண்டும். அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் பெட்டியிலிருந்து புதியது ஒன்றை எடுத்து மாட்டிவிட்டுத்தான் மதிய உணவுக்குப் போனார். அண்ணா, அந்தப் பழைய நகத்தை நான் பத்திரப்படுத்தியிருக்கிறேன். ரப்பர் நகத்தோடு, ஒரே டப்பியில்.

வெள்ளைத் தாடி ஐயாவுக்கு ஒரு வரி பாக்கி. கயிறு கட்டிய அன்று நீங்கள் இரவல் கொடுத்த 19 எண் ஸ்பேனர் என்னிடம்தான் இருக்கிறது. மறுநாள் காலை கொண்டுவந்து தரலாம் என்று இருந்தேன், நீங்கள் போய்விட்டீர்கள். எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் படகைத் தண்ணீரில் இறக்குவோம். முதலில் தோங்கா பக்கம் போகலாம் என்று இருக்கிறது. எந்தத் துறையில் இருந்தாலும் காலை ஏழு மணிக்குப் படகு வானொலியில், எல்லோரும் கூப்பிடும் பதினாறாம் சானலைத் திறந்து வைத்திருப்போம்.